கௌரவ ஆட்டக்காரர்

அவரோடு சிநேகம் வைத்துக்கொண்டால் முதல் மாதம் ஒரு டீக்கடை போகும். இரண்டாம் மாதம் சலூன் போகும். அப்புறம் சந்தை, சைக்கிள் கடை, மாமனார் ஊர் என்று ஒவ்வொன்றாகப் போய், வருஷக் கடைசியில் நமக்குப் போக்கிடமே இருக்காது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. இத்தனைக்கும் அவர் எனக்குச் சொந்தம் இல்லை. எட்டு வயது பெரியவர், எங்கள் காலனித் தெருவின் முதல் வீட்டுக்காரர், சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தபால் கொடுத்தவர், எங்கள் கபடி டீமுக்கு மேனேஜர். அவரை மேனேஜர் ஆக்கியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே இல்லாதவர் யார் என்று தேடுகிற கண் அவருக்கு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் நாங்கள் இலையைப் பார்ப்போம், அவர் வாசலைப் பார்ப்பார். யாரையாவது அப்புறம் வா என்று வெளியே நிறுத்தியிருந்தால் போச்சு, இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நாங்களும் எழ வேண்டும். ஒருமுறை பாயசம் எடுத்து வருகிற நேரத்தில் எழுப்பிவிட்டார். அந்தப் பாயசத்துக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

எங்களுக்குக் கிழக்கே இரண்டு மைலில் ஒரு ஊர். பெரிய கிராமம் என்றுதான் சொல்வோம். அங்கே இருந்த சலூனில் எங்கள் தெருக்காரர்களுக்கு முடி வெட்டமாட்டார்கள். நாங்கள் பஸ் ஏறி பாபநாசம் போய் வெட்டிக்கொண்டு வருவோம். நம்மைத் தெரியாத ஊரில் நம் தலை எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? இவர் காக்கிச் சட்டை போட்டுத் தபால் பையைத் தோளில் மாட்டியதும், சலூன்காரர் இவரை மட்டும் கூப்பிட்டார். பின்பக்கமாக வாங்க, உங்களுக்கு மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றாராம். வேறு யாராக இருந்தாலும் சத்தம் காட்டாமல் போய் வெட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். இவர் எங்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முன்வாசலில் போய் நின்றார். இவங்களுக்கும் வெட்டினால் எனக்கும் வெட்டுங்கள் என்றார். சலூன்காரர் கதவைச் சாத்திவிட்டார். அதோடு விட்டாரா? பாபநாசம் போய் வெட்டுவதையும் நிறுத்திவிட்டார். அது ஒளிந்துகொண்டு வெட்டுகிற மாதிரி இருக்கிறதாம். வீட்டுக் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து தானே வெட்டிக்கொண்டு, எலி கரண்டின மாதிரி ஒரு தலையோடு ஊரெல்லாம் தபால் கொடுத்தார்.

அவருக்கு உலக நடப்பு இரண்டு வழியாக வந்தது. லுத்தரன் சபைக் குடும்பம் என்பதால் சபைப் பத்திரிகை மாதம் ஒன்று வரும். அது போதாதென்று, பெரிய கிராமத்து மிராசுதாருக்குத் தபாலில் வருகிற இங்கிலீஷ் பேப்பரை உறை கிழியாமல் உருவி, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து படித்துவிட்டு, மறுபடி மடித்து உறைக்குள் தள்ளிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருதரம் தபால் இன்ஸ்பெக்டர் வந்தபோது மிராசுதார் வீட்டில் பேப்பர் கசங்கி வருகிறது என்று புகார் சொன்னார்கள். பஸ்ஸில் கசங்கியிருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இவர், நான்தான் படித்தேன், படித்தால் கசங்கத்தானே செய்யும் என்றார். எழுத்தில் எச்சரிக்கை வந்தது. நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிற அவருடைய மனைவி, எங்களுக்கு அண்ணி, தலையில் அடித்துக்கொண்டார். இவருக்குப் பொய் வராது. அது பெருமைக்குரிய குணம் என்று சபையில் சொல்வார்கள், கூட இருந்து பார்த்தால்தான் அதன் தொந்தரவு தெரியும்.

அந்தப் பேப்பரில் இவர் முதலில் படிப்பது விளையாட்டுப் பக்கம். யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பதற்கு இல்லை, யார் ஆடவில்லை என்று பார்ப்பதற்கு. டென்னிஸில் நாடுகளுக்கான ஒரு பெரிய கோப்பை. நம் நாடு இறுதிப் போட்டிவரை வந்து, எதிரில் தென்னாப்பிரிக்கா என்றதும் ஆடமாட்டோம் என்று ஒதுங்கிவிட்டது. கறுப்பு மனிதர்களைத் தனித் தெருவில் வைத்து, தனி பஸ்ஸில் ஏற்றி, தனி மைதானத்தில் ஆடவிடுகிற நாட்டோடு நமக்கு என்ன ஆட்டம் என்று ஒதுங்கியதாம். எங்கள் களத்தில் இதை அவர் சொன்ன அன்று முகம் அப்படி மலர்ந்திருந்தது. எவனோ ஒருவன் கப்பு யாருக்குப் போச்சு என்று கேட்டான். அவர்களுக்குத்தான் என்றார். அப்ப நமக்கு என்ன கிடைத்தது என்றான். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆடவில்லை, அவ்வளவுதான் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த ஆட்டக்காரர்கள் வருஷக்கணக்கில் பழகியிருப்பார்களே, ஒதுங்கலாமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். அவர், கேட்டிருக்க வேண்டும்தான் என்று ஒப்புக்கொண்டார். வாதம் பண்ணினால் இப்படிப் பாதியை ஒப்புக்கொண்டுவிடுவார். சண்டையைக்கூட முழுசாகப் போட முடியாது.

என் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அப்போது அரசாங்க பஸ் கம்பெனியில் கபடி ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பக்கத்துக்குள் நல்லாக் கபடி பாடிப் போகிறவனைப் பெரிய போட்டிகளில் வந்து பார்த்துப் பேர் எழுதிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வரும். எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் குனிந்து குனிந்து முதுகு போனவர்கள். எனக்கு இருந்ததெல்லாம் நல்ல மூச்சும் வேகமான காலும்தான். யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பெரிய கிராமத்தில் சித்திரை மாதம் பெரிய போட்டி நடக்கும். வாலிபாலுக்கு எல்லா ஊரும் வரலாம், நாங்களும் போவோம். கபடி மட்டும் அழைக்கப்பட்ட அணிகளுக்கு என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அழைப்பு வராது. அஞ்சு வருஷம் நாங்கள் சந்தோஷமாக வாலிபால் ஆடினோம். ஆறாவது வருஷம் இவர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி நடக்கும்போது சொன்னார்.

"நடுவுல வலை இருந்தா நம்மள ஆட விடுறான். தொடுற ஆட்டம்னா வேணாங்குறான்."

அதுவரை எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. தோன்றாமலே இருந்திருக்கலாம். மறுவருஷத்திலிருந்து வாலிபாலும் போயிற்று.

சரி, ஒரு ஊர்தானே, போகட்டும் என்று இருந்தோம். அப்போதுதான் மாண்ட்ரியலில் ஒலிம்பிக்ஸ் வந்து சேர்ந்தது. நியூசிலாந்துக்காரர்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ரக்பி ஆடினார்களாம். அப்படிப்பட்ட நியூசிலாந்தைச் சேர்த்துக்கொண்டால் நாங்கள் ஆடமாட்டோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாகக் கிளம்பிப் போய்விட்டன. மாண்ட்ரியலில் வந்து இறங்கியிருந்தவர்கள்கூடப் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினார்களாம். ரக்பி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. அது ஒலிம்பிக்ஸிலேயே இல்லாத ஆட்டம் என்று அவரே சொன்னார். ஆனால் அந்தச் செய்தி அவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. நம்மோடு ஆடாதவனோடு ஆடாமல் இருந்தால் மட்டும் பத்தாது, அவனோடு போய் ஆடுகிறவனோடும் ஆடக்கூடாது. அதுதான் முறை என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய தபால் பாரத்தின் பின்பக்கம் மூன்று பத்தி கட்டினார். முதல் பத்திக்கு 'நேர்' என்று பேர். அதில் பெரிய கிராமம். இரண்டாவது 'ஒட்டு'. அதில் பெரிய கிராமத்தோடு கபடி ஆடுகிற ஊர்கள். மூன்றாவது 'ஒட்டுக்கு ஒட்டு'. அதை விளக்க வேண்டியதில்லை.

டெல்டாவில் எந்த ஊர் எந்த ஊரோடு ஆடவில்லை? இங்கிருந்து மாயவரம் வரைக்கும் ஒட்டுக்கு ஒட்டில் வந்துவிட்டது. அண்ணியின் பிறந்த ஊர் டீம் போன வருஷம் பெரிய கிராமத்தில் ஆடியிருந்தது. அதுவும் பட்டியலில் ஏறியது. கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டுக்கு வரமாட்டேன் என்று இவர் சொன்னபோது அண்ணி தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எங்க அப்பன் ஊரு என்ன தென்னாப்பிரிக்காவா?"

அதற்கும் இவர் நிதானமாக, இல்லை, நியூசிலாந்து என்று பதில் சொன்னார். நாங்கள் சிரித்தோம். ஆனால் ஆடுவதற்கு எங்களுக்கு ஒருவரும் மிச்சமில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு கட்சி பிரித்து எங்களுக்குள்ளே பாடிக்கொண்டிருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது முடிந்திருந்தது. மூச்சு குறைய ஆரம்பித்தால் அப்புறம் எந்த பஸ் கம்பெனிக்காரன் பார்ப்பான்?

இதற்கு நடுவில் ஆட்சி மாறியது. கொடி மாறியது, கரை வேட்டியின் நிறம் கொஞ்சம் மாறியது, வயல் மாறவில்லை. அந்த மாசியில் அறுவடைக் கூலித் தகராறு முற்றி, பெரிய கிராமத்துக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் தெரு முழுக்க வரப்பில் போய் நின்றோம். தபால் கொடுக்கிறவர் இதிலெல்லாம் நிற்கக்கூடாது, நின்றால் வேலைக்கு ஆபத்து என்று எல்லோரும் சொன்னோம். கேட்கிற ஆளா அவர்? எனக்குப் பக்கத்தில், என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். போலீஸ் வந்து சில பேரைப் பிடித்தது. வழக்கில் இருபது பேர் பெயரைப் போட்டு, 'மற்றும் பலர்' என்று எழுதிக்கொண்டார்கள். நானும் அவரும் அந்த மற்றும் பலரில் இருந்தோம்.

அடுத்து வந்த சித்திரையில்தான் அந்த அழைப்பு வந்தது. பெரிய கிராமத்துக் கபடி டீமில் பாடிப் போகிறவனுக்குக் கால் உடைந்துவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு பஸ் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். எங்கள் டீம் வர வேண்டாம், நான் மட்டும் வந்து அவர்கள் பக்கம் ஆடித்தர முடியுமா என்று ஆள் அனுப்பினார்கள். நான் அந்த இடத்திலேயே சரி என்றேன். யோசித்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். தலைமை ஆளுங்கட்சிப் பிரமுகர். கீழே தடித்த எழுத்தில் என் பெயர், அதற்கு முன்னால் 'கௌரவ ஆட்டக்காரர்'. அச்சில் என் பெயரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை தபால் பை எடுக்கப் போகும் முன் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நோட்டீஸை வாங்கிப் பார்த்தார்.

"கௌரவ ஆட்டக்காரர்னு போட்டுருக்காங்க."

"ஆமாண்ணே. கௌரவமாத்தான் கூப்புட்டுருக்காங்க."

அவர் உடனே தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். வெளிநாட்டிலிருந்து வெள்ளைக்காரர் அல்லாத ஒருவர் அங்கே ஆடப் போனால், அவரை 'கௌரவ வெள்ளைக்காரர்' என்று வைத்துக்கொள்வார்களாம். வெள்ளைக்காரர்களின் ஓட்டலில் தங்கலாம், அவர்களோடு சாப்பிடலாம். அந்த ஊர்க் கறுப்பு மனிதர் அதே ஓட்டல் வாசலில் நிற்பாராம்.

"ஒனக்கும் அந்தச் சீட்டுதான் குடுத்துருக்காங்க, தம்பி. ஆட்டம் முடியிற வரைக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! அத்தனை வருஷத்துக் கோபம், பாயசத்திலிருந்து எல்லாம் சேர்ந்து வந்தது.

"அந்த டென்னிஸ்காரங்களுக்கு ஒரு கப்புதாண்ணே போச்சு. எனக்குப் பொழப்பு போயிடும். ஒங்களுக்குத் தபால் பை இருக்கு. நான் நாத்து பறிக்கப் போவணும்."

அவர் நோட்டீஸை மடிப்புக் கலையாமல் மடித்தார். அந்த நேரத்திலும் மடிப்பு சரியாக இருக்க வேண்டும் அவருக்கு.

"நாயமான பேச்சுதான். ஒன்னக் கேக்காம முடிவு பண்ணக்கூடாதுன்னுதான் வந்தேன். போவியா, மாட்டியா?"

"போவேன்."

"அப்ப நான் ஒன்னோட பேசறது இதான் கடைசி. கோவத்துல சொல்லல. லிஸ்ட்டு அப்புடி."

போய்விட்டார். கோபத்தில் சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் தணிந்துவிடும் என்று இருந்திருப்பேன். கொள்கையில் சொல்கிறவரை என்ன செய்வது?

ஆடினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிராளி பாடி வரும்போது மறிக்கிறவர்கள் கைகோத்து நிற்க வேண்டும். பெரிய கிராமத்துப் பையன்கள் இரண்டு பக்கமும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள், அன்றைக்குத்தான் அந்தக் கைகளின் சூடு தெரிந்தது. கடைசிப் பாட்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு வந்து விழுந்தேன். ஜெயித்தோம். தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பஸ் கம்பெனிக்காரர் பேரும் விலாசமும் எழுதிக்கொண்டார். சாப்பாடு மிராசுதார் வீட்டில். எனக்கு மட்டும் இலையில் கட்டி, இங்கேயே மைதானத்தில் சாப்பிட்டுவிடு, உனக்குத் தூரம் போகணுமே என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் சாப்பிட்டேன். பசியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் தபாலை மட்டும் எந்தப் பட்டியலிலும் அவர் சேர்க்கமாட்டார். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால் உள்ளே வந்து என் கையில் கொடுப்பார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவார், போய்விடுவார். நான் வேண்டுமென்றே, என்னண்ணே சௌக்கியமா என்று கேட்பேன். தலையைக்கூட ஆட்டமாட்டார்.

ஆடி மாதம் போலீஸ் ஏட்டு விசாரிக்க வந்தார். அரசாங்க வேலைக்கு ஆளைப் பற்றிக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். வழக்கில் சம்பந்தம் இருந்தால் வேலை கிடையாது. தெருவில் யாரைக் கேட்டாலும் எனக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள் என்று ஏட்டுக்குத் தெரியும். அதனால் பொய் சொல்லாத ஆள் என்று பேர் வாங்கியிருந்த இவர் வாசலில் போய் சைக்கிளை நிறுத்தினார். எதிர் வீடு எங்களுடையது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். போச்சு, இந்த மனுஷன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மாசி மாசம் வரப்பில் நின்ற கூட்டத்தில் இந்தப் பையன் உண்டா என்று ஏட்டு கேட்டார். இவர் சொன்னார்.

"அவன் எங்களோட சேந்தவன் இல்லீங்க."

"எங்களோடன்னா?"

"வரப்புல நின்னோம்ல, எங்களோட."

ஏட்டு எழுதிக்கொண்டார். கேட்டது மாசி மாதத்தைப் பற்றி, சொன்னது அன்றைய நிலவரத்தை. அவர் பட்டியல்படி அது பொய்யும் இல்லை. சித்திரையிலிருந்து நான் அவர்கள் ஆள் இல்லைதானே. என்னைக் காப்பாற்றினாரா, தள்ளி வைத்தாரா என்று இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை. ஒரு நல்லதைக்கூட மனுஷனுக்கு நேராகச் செய்யத் தெரியாது.

ஏட்டு எழுதிக்கொண்டதில் அவரைப் பற்றிய வரியும் இருந்தது. இரண்டு வாரத்தில் தபால் பையை வாங்கிக்கொண்டு, விசாரணை முடிகிறவரை வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி என்னிடம் வந்து புலம்பினார். ஒன்ன இல்லன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்ல, நாங்க நின்னோம்னு அந்த ஆளுகிட்ட எதுக்குச் சொல்லணும் என்று கேட்டார். நான் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்டாலும் எனக்குப் பதில் வராது.

தபாலுக்குப் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். பெரிய கிராமத்துப் பையன். புதியவர் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. முனையில் வாய்க்கால் மதகு இருக்கிறது, அதன் கட்டை மேல் தபாலை வைத்துவிட்டு சைக்கிள் மணியை அடிப்பார். நாங்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆவணியில் ஒரு நாள் மணி அடித்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரிஜிஸ்டர் தபால். பஸ் கம்பெனி முத்திரை தூரத்திலிருந்தே தெரிந்தது. கவரைக் கட்டை மேல் வைத்தார், ரசீதையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தார், நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, போட்டுட்டு வச்சிடு என்றார்.

அண்ணன் தன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் இடத்தில் அவர் இருந்தால் தெருவுக்குள் கொண்டுவந்து கையில் கொடு என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றிருப்பார். தபால் திரும்பிப் போனாலும் போகட்டும் என்று நின்றிருப்பார். ஆர்டர் போயிருக்கும், அவர் நின்றிருப்பார்.

நான் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன்.